பாதைகள் திறந்திருக்கின்றன

"பிள்ளைகளே, உங்களுக்கு முன்னால் பல பாதைகள் திறந்திருக்கின்றன!"

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு திருகோணமலையில் எந்த மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தாலும் இந்த வசனம் காதில் விழும். குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்பு நடனம் ஆடி, பிரதம அதிதிக்குப் பொன்னாடை போர்த்தி முடிய வழிகாட்டல் கருத்தரங்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியிருக்கும். பிறகு கோட் போட்ட ஒருவர் எழும்பித் திரையில் ஒரு படம் காட்டுவார். நடுவில் சீருடையோடு ஒரு பிள்ளை. பிள்ளையைச் சுற்றி நாலாபக்கமும் அம்புக்குறி. அம்புப் படுக்கையில் கிடந்த வீட்டுமருக்குக்கூட இத்தனை அம்பு தைத்திருக்காது.

பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். தட்டாவிட்டால் மிஸ் முறைப்பார். நாங்களும் ஒருமுறை தட்டிவிட்டு, அந்தப் பாதைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

முதலாவது பாதையில் காலமே தலைகீழ். 2022ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2023 மே மாத இறுதியில்தான் தொடங்கியது. பெறுபேறு வர அந்த ஆண்டின் கடைசி வந்துவிட்டது. தொற்று என்றார்கள், பொருளாதார நெருக்கடி என்றார்கள். சரி. நாட்டுக்கு நெருக்கடி வந்தால் பிள்ளையின் வயதும் கொஞ்சம் நின்று வரும் என்று நினைத்தார்களோ தெரியவில்லை. இடையில் கிடந்த அந்த அரை வருடத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டவை ரியூட்டரிகள் மட்டும்தான். கேட்டதோடு நிற்காமல் கட்டணமும் வாங்கிக்கொண்டன.

இந்த ஓட்டையை அடைக்கக் கல்வியமைச்சு அடுத்த தடவை ஒரு மூளையான வேலை செய்தது. 2024 மேயில் பரீட்சை எழுதியவர்களுக்கு ஜூன் மாதமே உயர்தர வகுப்பைத் தொடங்கிவிட்டது. பெறுபேறு வந்ததோ செப்டம்பர் கடைசியில். உயர்தரத்துக்குள் நுழையத் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், மூன்றில் திறமைச் சித்தி வேண்டும் என்பது விதி. அந்த விதி தன்னை உள்ளே விடுமா, வெளியே தள்ளுமா என்று தெரியாமலே ஒரு பிள்ளை ஜூன், ஜூலை, ஓகஸ்ட், செப்டம்பர் என்று உயர்தரத்தில் இருந்தது. தாலி கட்டி நாலு மாதம் குடும்பம் நடத்தியபின் சாதகத்தை விரித்துப் பார்த்து, "பொருத்தம் இல்லை, எழும்பு" என்று சொல்லும் சாத்திரத்தை உலகில் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

பெறுபேறு வருகிற இரவு ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒரு நீதிமன்றம் கூடும். சுட்டெண்ணை அடித்துவிட்டுக் கைத்தொலைபேசியை வெறித்துக்கொண்டு ஒரு பிள்ளை. பிள்ளையைச் சுற்றி அப்பா, அம்மா, மாமா, பக்கத்து வீட்டு ரீச்சர். பதினொரு வருடப் படிப்பு ஒன்பது எழுத்தாகச் சுருங்கித் திரையில் வந்து விழுகிறது. ஒன்பதும் ஏ என்றால் அடுத்த நாள் சந்தியில் பதாகை ஏறும். நடுவில் ஒரு டபிள்யூ விழுந்துவிட்டால் வீட்டு வாசல் லைட்டை நூர்த்துவிடுவார்கள். யாரும் செத்துப்போகவில்லை. ஆனாலும் துக்கம் விசாரிக்க ஆள் வரும்.

பிறகு தீர்ப்பு. எந்தப் பிரிவு?

உயர்தரத்தில் பிரிவுகள் இருப்பதாகச் சுற்றறிக்கை சொல்கிறது. எங்கள் சனத்துக்குத் தெரிந்தவை வருணங்கள். உச்சியில் பயோவும் மெட்ஸும். வெள்ளைக் கோட்டும் மஞ்சள் தொப்பியும் அணியப் பிறந்தவர்கள். அதற்குக் கீழே கொமர்ஸ். கணக்குப் பார்க்கப் பிறந்தவர்கள். காலடியில் ஆட்ஸ், வேறெதற்கும் பிறக்காதவர்கள். இந்த அடுக்கை உடைக்கவென்று 2013இல் தொழில்நுட்பப் பிரிவைக் கொண்டுவந்தார்கள். எங்கள் சனம் மலைக்கவில்லை. கொமர்ஸுக்கு ஒரு படி கீழ், ஆட்ஸுக்கு ஒரு படி மேல் என்று அதற்கும் ஒரு பாய் போட்டுக் குந்தவைத்தது. சாதியை ஒழிக்க வந்த எல்லாரையும் நாங்கள் அப்படித்தான் வரவேற்றோம்.

நாலு வருணத்துக்கும் வெளியே, ஊர் எல்லைக்கு அப்பால் இருப்பது தொழில்நுட்பக் கல்லூரி. "ரெக்" என்பது அதன் செல்லப் பெயர். செல்லமாக எவரும் சொல்வதில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைக்கு இந்தப் பெயர் பழக்கம். வீட்டுவேலை செய்யாவிட்டால், "இப்பிடியே இருந்தா ரெக்குக்குத்தான் போவாய்." பின்வாங்கில் கதைத்தால், "உனக்கு ரெக்தான்." தொழிற்கல்வியைத் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த பெருமை எங்கள் ஆசிரியர்களைச் சேரும். சன்னலால் எட்டிப் பார்த்தால் துறைமுகம் தெரிகிற வகுப்பறைகள் இந்த ஊரில் உண்டு. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. சாம்ராச்சியங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வந்து பிடித்த இடம். 1942 ஏப்ரலில் சப்பான் விமானங்கள் தேடிவந்து குண்டு போட்ட இடம். கப்பலும் பாரந்தூக்கியும் மாவாலையும் சீமெந்து ஆலையும் எண்ணெய்த் தாங்கியும் சூழ்ந்த அந்தக் குடாவை விரலால் காட்டி வாத்தியார் சொல்வது: "படிக்காட்டி அங்க மூட்டைதான் தூக்கவேணும்." ஊரின் சோற்றை வைத்தே ஊர்ப் பிள்ளையை வெருட்டுகிற கலை இது.

பிறகு ஒரு சித்திரை வெயிலில் வாத்தியார் வீட்டு ஏசி நின்றுபோகும். தாறுமாறாக வியர்த்துக்கொண்டு தொலைபேசி எடுப்பார். "தம்பி, இண்டைக்கு ஒருக்கா வந்திட்டுப் போகேலாதா ராசா?" மறுமுனையில் அவருடைய பழைய பின்வாங்குக்காரன். "நாளண்டைக்குப் பாப்பம் சேர்." இந்த நாட்டில் நீதி என்று ஒன்று வழங்கப்படுவதை நான் கண்ணால் கண்டது இந்த இடத்தில் மட்டும்தான்.

அந்தத் தம்பியே கட்டாருக்குப் போய்விட்டால் கதை வேறு. அங்கிருந்து வருகிற காசில் வீட்டுக்கு மேல்மாடி ஏறும். கலியாணம் பேசும்போது ஏசி திருத்துகிற தம்பி, தரகரின் வாயில் "எஞ்சினியர் மாப்பிள்ளை" ஆகிவிடுவார். கல்லூரி நாலு வருடத்தில் கொடுக்காத பட்டத்தைத் தரகர் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கொடுத்துவிடுகிறார். வேலையில் வெட்கம் இல்லை, அதன் பெயரைச் சொல்லத்தான் வெட்கம்.

இதே ஒழுங்கைக்கு லண்டனிலிருந்து மாமியின் அழைப்பும் வரும்.

"எங்கட மூத்தவனுக்கு ஸ்கூல் சிக்ஸ்த் ஃபோர்ம் வேண்டாமாம். கொலிச்சுக்குப் போகப் போறானாம்."

"அவன் சின்னனிலேயே கெட்டிக்காரன்தானே மச்சாள்! வெளிநாட்டுக் கொலிச் எண்டா சும்மாவா?"

தொலைபேசியை வைத்துவிட்டு அம்மா திரும்புகிறார். தன் மகன் கையில் தொழில்நுட்பக் கல்லூரியின் விண்ணப்பப் படிவம். "கொலிச்சோ? எங்க, ரெக்குக்கோ? சொந்தக்காரர் முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

மாமியின் ஊரிலும் 16 வயதில்தான் பரீட்சை. அதன்பிறகு படித்த பள்ளிக்கூடத்திலேயே தொடரலாம், தனிக் கல்லூரிக்குப் போகலாம், ஓரிடத்தில் வேலை பழகிக்கொண்டே படிக்கலாம். உயர்தரம் படிக்கிறவனும் தச்சுவேலை படிக்கிறவனும் ஒரே கல்லூரி வாசலால் உள்ளே போவதுண்டு. அங்கே ஏற்றத்தாழ்வு இல்லையென்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். அந்தச் சாமானைக் கண்டுபிடித்து ஏற்றுமதி செய்தவர்களே அவர்கள்தான். ஆனால், ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2015இலிருந்து 18 வயது வரை ஏதோவொரு கல்வியிலோ பயிற்சியிலோ பிள்ளை இருந்தே ஆகவேண்டும். எங்கள் நாட்டிலும் கட்டாயக் கல்வி வயதை 2016இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். கணக்குப் பாருங்கள்: பரீட்சை எழுதுகிற வாசல் வரைக்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டுவந்து விட்டுவிட்டு, சரியாக அந்த இடத்தில் சட்டம் கையை உதறிக்கொண்டு போய்விடுகிறது. வெள்ளைக்காரனிடம் பரீட்சையின் பெயரைக் கடன் வாங்கினோம். அவன் 1988இல் அந்தச் சாதாரண தரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறிவிட்டான். நாங்கள் அதைப் பாட்டனின் தங்கப்பல் மாதிரிப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

கையை உதறவில்லை என்று அமைச்சு சொல்லும். 2017இல் தொடங்கிய திட்டத்தின் பெயரே "13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வி". சாதாரண தரத்தில் விழுந்தாலும் பாடசாலையிலேயே இருந்து தொழிற்பாடம் படிக்கலாம் என்பது அதன் சாரம். நல்ல திட்டம், உண்மையாகவே நல்ல திட்டம். உத்தரவாதம் என்ற சொல்லைப் பார்த்ததும் குளிர்சாதனப் பெட்டிக் கடைதான் ஞாபகம் வருகிறது. அட்டையில் பெரிய எழுத்தில் உத்தரவாதம், பின்பக்கத்துச் சின்ன எழுத்தில், "உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் தெரிவுசெய்யப்பட்டிருந்தால் மட்டும்."

அதுபோலவே தொழிற்றகைமை ஏணி. என்விகியூ என்று சொல்வார்கள். முதலாம் மட்டத்திலிருந்து ஏழாம் மட்டம் வரை ஏறலாம். நாலில் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி, ஐந்திலும் ஆறிலும் டிப்ளோமா, ஏழில் பட்டம். 2008இல் சட்டம் போட்டு இதற்கென்று ஒரு பல்கலைக்கழகமே கட்டினார்கள். ஆக, "ரெக்குக்குப் போனால் அத்தோடு முடிந்தது" என்பது பச்சைப் பொய். இந்தப் பொய்யை மறுத்து ஒரு பதாகை சந்தியில் ஏறியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஏணியின் கீழ்ப்படிகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. உச்சிப்படி இரத்மலானையில் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு. நடுவில் இருக்கிற படிகளைத் தமிழில் எண்ணிக்கொண்டு ஏறுகிற பிள்ளைக்கு மூச்சு வாங்கினால், "கண்டியளே, நான் அப்பவே சொன்னனான்" என்று மாமா எழும்புவார்.

பெண்பிள்ளை என்றால் ஏணியே வேறு நிறம். தையல், கேக், அழகுக்கலை: முடிந்தது அம்புக்குறி. "நான் வெல்டிங் படிக்கிறேன்" என்று ஒருத்தி சொல்லிப் பார்க்கட்டும். தீப்பொறி முதலில் வீட்டில்தான் பறக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பட்டணத்து வேடிக்கை. இனிச் சொல்வதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேர்வு என்றால் தட்டில் குறைந்தது இரண்டு பண்டமாவது இருக்கவேண்டும். நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகள். அவற்றுள் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கிற 1ஏபி வகையில் ஆயிரம் அளவில்தான். 1சி என்பது கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ள பாடசாலை. இரண்டாம் வகை பதினொராம் ஆண்டோடு கதவைச் சாத்திவிடும். திருகோணமலை மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். குச்சவெளிப் பக்கமோ வெருகல் பக்கமோ ஈச்சிலம்பற்றுப் பக்கமோ ஒரு பிள்ளை விஞ்ஞானத்தில் ஏ எடுத்துக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். அந்தப் பிள்ளை என்ன படிக்கவேண்டும் என்பதை அதன் மூளை தீர்மானிப்பதில்லை, ஆசை தீர்மானிப்பதில்லை, மாமாகூடத் தீர்மானிப்பதில்லை. நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற கட்டடத்தின் நெற்றியில் எவனோ ஒரு அதிகாரி எழுதிய எழுத்து தீர்மானிக்கிறது. 1சி என்றால் நீ ஆட்ஸ். பிறப்பிலேயே ஆட்ஸ். பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கக் காசு இருந்தால் மறுபிறவி உண்டு.

ரெக்கும் பட்டணத்தில்தான். ஆக, கடலுக்குப் போகிற தகப்பனின் பிள்ளைக்கு உயர்தர விஞ்ஞானமும் தூரம், தொழிற்கல்வியும் தூரம். பட்டணத்து மாமா அதனை "ரெக்குக்குப் போகாதே" என்று தடுக்கத் தேவையே இல்லை. பஸ் காசே தடுத்துவிடும். பிறகு கணக்கெடுப்பில் எழுதுவார்கள்: உயர்தரத்தில் கலைப் பிரிவில்தான் கூட்டம், மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் நாட்டமில்லை, விழிப்புணர்வு வேண்டும். விழிப்புணர்வுக்கு ஒரு கருத்தரங்கு. கருத்தரங்குக்குக் குத்துவிளக்கு. கோட் போட்டவர் எழும்புகிறார்: "பிள்ளைகளே, பல பாதைகள்..."

பாதை என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தில் இன்னொரு பொருள் உண்டு. ஆற்றையும் களப்பையும் கடக்க ஆளையும் வண்டியையும் ஏற்றி இழுத்துப் போகிற மிதவைக்குப் பெயரும் பாதைதான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோது, இனிப் பாதையில் நின்று காத்திருக்கத் தேவையில்லை என்று சனம் சந்தோசப்பட்டது. பன்னிரண்டு வருடம் கழித்து அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை எடுத்துவிட்டுப் புதியது கட்டும் வேலை நடந்தபோது, சனத்தை மீண்டும் ஒரு படகுப் பாதையில் ஏற்றினார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அந்தப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட பிள்ளைகள் செத்துப்போனார்கள். அனுமதி கொடுத்தது யார், பாலம் பிந்தியதற்குப் பொறுப்பு யார் என்று ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். திரையில் அம்புக்குறிப் படம் காட்டுகிறவர்கள் எந்த மேடையிலும் அந்தப் பாதையைப் பற்றிச் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் பாதைகள் திறந்திருக்கின்றன என்று இந்த மாவட்டத்தில் ஒருவர் வாய்திறந்தால், அவரைக் குறிஞ்சாக்கேணிக் கரையில் கொண்டுபோய் நிறுத்தி, இன்னொருமுறை சொல்லச் சொல்லவேண்டும்.

சரி, எல்லாவற்றையும் தாண்டி உயர்தரமும் எழுதிவிட்டது ஒரு பிள்ளை. நாடு முழுக்க ஆண்டுக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறார்கள். இடமோ நாற்பதாயிரத்துச் சொச்சம். மிச்சப் பேருக்குத் "தகுதி உண்டு, கதிரை இல்லை" என்று ஒரு கௌரவமான பதில். இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா, பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகை எல்லாம் கூட்டிக் கழித்துக் கதிரை கிடைத்த பட்டதாரி என்ன ஆனார்? 2017இல் கிழக்கு மாகாணத்தின் வேலையற்ற பட்டதாரிகள் கொட்டில் அடித்து மாதக்கணக்காக வீதியோரம் குந்தியிருந்தார்களே, அவர்தான் இவர். 2020இல் அரசாங்கம் ஐம்பதாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்து மாதம் 20,000 ரூபா கொடுத்தது. பல பேர் பிரதேச செயலகங்களில் போய் ஏற்கெனவே ஆள் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். அந்த அறையின் மின்விசிறி பழுதாகும்போது திருத்த ஆள் வருகிறானே, அவன் ரெக்கில் படித்தவன். ரெக்குக்குப் போனால் மரியாதை போய்விடும் என்று தடுத்து, எந்த மரியாதையைக் காப்பாற்றிக் கொடுத்தோம் என்று அந்தப் பட்டதாரியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

எல்லாரும் ரெக்குக்குப் போகவேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். ஏழைப் பிள்ளைக்குச் சுத்தியல், பணக்காரப் பிள்ளைக்குப் பேனை என்று பங்கு பிரிக்க ஆயத்தமாய் நிற்கும் கனவான்கள் ஏராளம். "நாட்டுக்குத் தொழில்திறன் தேவை" என்று மேடையில் முழங்கிவிட்டு, தங்கள் மகனுக்கு மெட்ஸ் ரியூசன் தேடி ஓடுகிறவர்கள் அவர்கள். ஈச்சிலம்பற்றுப் பிள்ளை வெல்டர் ஆகட்டும், வைத்தியர் ஆகட்டும். அதை அந்தப் பிள்ளை சொல்லவேண்டும். சொல்வதற்கு இரண்டு வாசலும் அதன் காலுக்கு எட்டவேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

கேட்கத் தெரிந்தால் இந்த ஊரில் கிடைக்கும் என்பதற்கு உதாரணம் உண்டு. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99. பெரும்பாலானவை பல பத்து வருடங்களாகப் பாவனையில்லாமல் காட்டுக்குள் பற்றைபிடித்துக் கிடந்தவை. எவரும் அவற்றைப் பெயில் என்று சொல்லவில்லை. கொழும்பும் டெல்லியும் வருடக்கணக்காகக் கதைத்து, 2022 சனவரியில் ஒப்பந்தம் எழுதின: 24 தாங்கி இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியக் கம்பனிக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு. ஒன்றையாவது மறந்தார்களா? இருபத்துநாலும் பதினாலும் அறுபத்தொன்றும் கூட்டிப் பாருங்கள், சரியாக 99 வரும். துருப்பிடித்த இரும்புக்குக்கூட அடுத்து எங்கே போவது என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதே சீனக்குடாப் பக்கத்து ஒழுங்கையில் பெறுபேறு வந்த இரவு ஒரு பிள்ளை இருந்தது. அதற்கும் ஒரு எண் இருந்தது. சுட்டெண் என்று பெயர். அடுத்த திங்கட்கிழமை அது உயர்தர வகுப்பில் இல்லை, தொழில்நுட்பக் கல்லூரியிலும் இல்லை. மண்டபத்தில் அந்த நேரம் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.